எட்டுப் போடு, பத்து நிமிடத்தில் வந்து சேர்

தம்பி, டெலிவரி வேலையில் சேரப் போகிறாயாம். லைசென்ஸ் டெஸ்டுக்கு எப்படித் தயாராவது என்று கேட்கிறாய். நீட்டுக்குக் கையேடு இருக்கிறது, குரூப் நாலுக்குக் கையேடு இருக்கிறது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் 1,68,491 பேரை விழுங்கிய இந்திய சாலைகளில் முதுகில் பையோடு இறங்குகிறவனுக்கு மட்டும் ஒரு கையேடும் கிடையாது. அந்தக் குறையை நான் தீர்த்துவைக்கிறேன். ஆறே பாடங்கள். கவனமாகப் படி. இந்தப் பரீட்சையில் அரியர் கிடையாது.

பாடம் 1: எட்டு

முதலில் எல்.எல்.ஆர். கணினியில் கேள்விகள் வரும். முக்கோணப் பலகை எச்சரிக்கை, வட்டப் பலகை கட்டாயம் என்று படித்துக்கொள். நம் ஊர் சாலையில் அந்தப் பலகைகள் பிறந்தநாள் வாழ்த்துப் போஸ்டருக்கு அடியில் இருக்கும். எனவே தேர்வறையில்தான் அவற்றைக் கடைசியாகப் பார்க்கப் போகிறாய், ஆசைதீரப் பார்த்துக்கொள்.

எல்.எல்.ஆர். கைக்கு வந்து 30 நாள் கழிந்தபின், ஆறு மாதத்துக்குள், ஆர்டிஓ ஆபீஸ் மைதானத்தில் எட்டுப் போட வேண்டும். அதன் ரகசியம் மூன்று: முதல் கியர், அரை கிளட்ச், பின் பிரேக்கில் லேசாகக் கால். பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது. போகப்போகும் வளைவில் இருக்க வேண்டும். கால் தரையில் பட்டால் போச்சு. மைதானத்தில் உனக்குப் பின்னால் எந்த லாரியும் ஹாரன் அடிக்காது. எதிரே மாடு வராது. ஷேர் ஆட்டோ உன் மூக்குக்கு முன்னால் நின்று ஆள் ஏற்றாது. பிரேக் இன்ஸ்பெக்டர் நிழலில் உட்கார்ந்து பார்ப்பார். சில நேரம் பார்க்காமலும் உட்கார்ந்திருப்பார்.

எட்டு வீண் என்று சொல்லவில்லை. மெதுவாகப் போகும்போது வண்டியைச் சாயாமல் பிடிக்கத் தெரிகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். ஆனால் சட்டம் எட்டோடு நிற்கவில்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஆவது விதியை எடுத்துப் படி. கண்ணாடியைச் சரிசெய்கிறானா, முந்தும்போதும் முந்தவிடும்போதும் எச்சரிக்கையாக இருக்கிறானா, தடம் மாறும்போது சைகை காட்டுகிறானா, அவசரத்தில் வண்டியை நிறுத்தத் தெரிகிறதா, பாதசாரி கடக்கும் இடத்தில் என்ன செய்கிறான் என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கச் சொல்கிறது அந்த விதி. எழுதியவர்கள் சாலையைப் பார்த்தவர்கள். நடத்துகிறவர்கள் மைதானத்தின் சுற்றுச்சுவரைத் தாண்டாதவர்கள். ஒரு முழுப் பாடத்திட்டத்தைச் சுருக்கிச் சுருக்கி ஒற்றை எண்ணாக்கி, அதைச் சுண்ணாம்பில் தரையில் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

அதையும் ஒழுங்காகச் சோதித்தால் சரி. ஆன்லைனில் தானே விண்ணப்பித்து, தானே வண்டி கொண்டுவந்து நிற்கிறவனுடைய கட்டைவிரல் மண்ணை உரசினாலும் ஃபெயில். டிரைவிங் ஸ்கூல்காரரின் கூட்டத்தோடு வந்தவன் எட்டுக்குப் பதில் ஆறு போட்டாலும் பாஸ். தீபாவளி நெருங்கினால் லஞ்ச ஒழிப்புத் துறை சோதனைக்குப் போகும் அலுவலகங்களில் ஆர்டிஓ ஆபீஸ் இல்லாமல் இருப்பது அபூர்வம். சோதனைக்கு மறுநாளும் அதே மைதானம், அதே எட்டு, அதே கூட்டம். அரசு வாங்கும் கட்டணம் சில நூறு ரூபாய். ஸ்கூல்காரர் வாங்குவது ஆயிரக்கணக்கில். நடுவில் உள்ள வித்தியாசம் உன் ஓட்டும் திறமையின் விலை என்று நினைத்துக்கொள், மனம் ஆறும்.

பாடம் 2: தேர்வே வேண்டாமா, வழி இருக்கிறது

எட்டுப் போடப் பயமாக இருந்தால் கவலைப்படாதே. வாடகைக்கு மின்சார ஸ்கூட்டர் கிடைக்கும். மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவு, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவு என்றால், சட்டத்தின் கண்ணில் அது மோட்டார் வாகனமே அல்ல. லைசென்ஸ் வேண்டாம். பதிவு எண் வேண்டாம்.

சட்டத்தின் கண்ணுக்குத்தான் அது வாகனம் அல்ல. பழைய மகாபலிபுரம் சாலையில் உன் பின்னால் வரும் தண்ணீர் லாரியின் கண்ணுக்கு அது எதுவாகத் தெரியும் என்று அந்த விதியில் எழுதவில்லை. எட்டுக்கூடப் போட்டுக் காட்டாத பதினெட்டு வயதுப் பையன், அறுபதில் பறக்கும் போக்குவரத்துக்கு நடுவே இருபத்தைந்தில் ஊர்ந்து போகலாம். முழுக்க முழுக்கச் சட்டப்படி. லைசென்ஸ் இல்லாமல் பைக் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம் போடுகிற அதே அரசுதான், லைசென்ஸ் இல்லாமல் நகரத்துக்கே சோறு சுமக்கலாம் என்றும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. சுற்றுச்சூழலுக்கு நல்லது என்பார்கள். உண்மைதான். புகை வராது.

பாடம் 3: கம்பெனித் தேர்வு

லைசென்ஸ் வந்துவிட்டது. இப்போது ஆப்பில் சேர வேண்டும். ஆதார், பான் கார்டு, லைசென்ஸ், வங்கிக் கணக்கு, ஒரு செல்ஃபி எல்லாவற்றையும் ஏற்று. சில நிமிட வீடியோ ஓடும். வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், பையைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும், டி-ஷர்ட் கட்டாயம் என்று சொல்லும். டி-ஷர்ட்டுக்கும் முதுகுப் பைக்கும் உன்னிடமே பணம் பிடிப்பார்கள். ஐடி வந்துவிடும்.

ஒன்றைக் கவனித்தாயா? எங்கே, வண்டியை ஓட்டிக் காட்டு என்று யாருமே கேட்கவில்லை. ஆபீஸ் காருக்கு டிரைவர் வைக்கிற முதலாளி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சம்பளம் பேசுவார். அமெரிக்காவில் யூபிஎஸ் போன்ற பார்சல் நிறுவனம் ஓட்டுநரை எடுக்குமுன் சாலையில் ஓட்டிக்காட்டச் சொல்கிறது. அங்கே சாலைத் தேர்வு என்றால் அதுதான். இங்கே சோதிப்பது உன் முகமும் ஆதார் படமும் ஒத்துப்போகிறதா என்பதை மட்டும். காரணம் எளிது. அங்கே உடைந்தால் கம்பெனி வேன். இங்கே வண்டி உன்னுடையது, பெட்ரோல் உன்னுடையது, டயர் உன்னுடையது, முழங்கால் உன்னுடையது.

நிதி ஆயோக் 2022-இல் வெளியிட்ட அறிக்கை, வேலைக்கு வேலை கூலி வாங்கும் உன்னைப் போன்ற கிக் தொழிலாளர்கள் 2020-21-இல் நாட்டில் 77 லட்சம் பேர் இருந்ததாகவும் 2029-30-இல் அது 2.35 கோடி ஆகும் என்றும் சொல்கிறது. இதை வேலைவாய்ப்பு வளர்ச்சி என்று மேடையில் படிப்பார்கள். கை தட்டுவார்கள். இத்தனை பேரில் சாலையில் இறங்குகிறவர்களை யார் சோதித்தார்கள், யார் பழக்கினார்கள் என்று மேடைக்குக் கீழே இருந்தும் யாரும் கேட்பதில்லை.

பாடம் 4: உண்மையான சிலபஸ்

எட்டுப் போட்டபோது உன் முதுகில் ஒன்றும் இல்லை. இனி முதுகில் பெட்டி, காலடியில் பத்துக் கிலோ அரிசி, ஹேண்டிலில் ஆறு தண்ணீர் பாட்டில். மைதானத்தில் கற்ற சமநிலையை இந்தப் பாரத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்.

சாலை? மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரையும் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரையும் மெட்ரோ வேலைக்குச் சென்னை நகரத்தைக் கிழித்து வைத்திருக்கிறார்கள். மழைநீர் வடிகாலுக்கு ஒருவர் தோண்டுவார். அவர் மூடிய இடத்தை மின்வாரியம் திறக்கும். மின்வாரியம் மூடியதைக் குடிநீர் வாரியம் திறக்கும். நவம்பர் வந்தால் வேளச்சேரியில் பள்ளம் எது, சாலை எது என்று தண்ணீருக்கு மட்டுமே தெரியும். மழை பெய்தால் நாம் வெளியே போக மாட்டோம். அதனால்தான் மழை பெய்தால் ஆர்டர் கூடும். மழை நேரத்துக்குத் தனி ஊக்கத்தொகை கொடுப்பார்கள். முழங்கால் தண்ணீரில் மூடியில்லாத சாக்கடைக் குழிக்கு எதிரே அந்தத் தொகையை எடை போட்டுக்கொள்ள வேண்டியவன் நீ.

பிறகு செல்போன். ஓட்டும்போது கையில் போன் பிடித்தால் குற்றம். ஆனால் 2020 அக்டோபரிலிருந்து, வழி காட்டுவதற்காக மட்டும், ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் அதைப் பயன்படுத்தலாம் என்று விதி தளர்ந்தது. எவ்வளவு நயமான வாசகம்! வழி காட்டும் அதே திரையில்தான் அடுத்த ஆர்டர் மணி அடிக்கும். சில விநாடிக்குள் ஏற்க வேண்டும், மீதி நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், வாடிக்கையாளர் 'எங்கே இருக்கிறீர்கள்' என்பார். இதற்கெல்லாம் கவனம் சிதறாதவன் இமயமலையில் இருக்க வேண்டியவன். கோயம்பேட்டில் அவனுக்கு என்ன வேலை?

பாடம் 5: கணக்கு

தேர்வில் கட்டாயம் கேட்கப்படும் கணக்கு இது. மொத்த நேரம் பத்து நிமிடம். டார்க் ஸ்டோர் என்ற கிடங்கில் பொருளை எடுத்துக் கட்ட இரண்டு நிமிடம். நீ வாங்கி வண்டியில் வைக்க ஒரு நிமிடம். சிக்னலில் இரண்டு நிமிடம். அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டியின் நோட்டில் பெயர், நேரம், ஃபிளாட் எண் எழுத ஒரு நிமிடம். மெயின் லிஃப்டில் உன்னை ஏற்ற மாட்டார்கள்; சர்வீஸ் லிஃப்ட் வந்து பதினோராவது மாடிக்குப் போக மூன்று நிமிடம். மிச்சம் ஒரு நிமிடம். தூரம் இரண்டு கிலோமீட்டர். வேகம் என்ன?

விடை: மணிக்கு 120 கிலோமீட்டர்.

அந்த வேகத்தில் போக முடியாது என்பது உனக்கும் தெரியும், ஆப் எழுதியவனுக்கும் தெரியும். அப்படியானால் நேரத்தை எங்கிருந்து எடுப்பாய்? சிக்னலிலிருந்து எடுப்பாய். ராங் ரூட்டிலிருந்து எடுப்பாய். நடைபாதையில் நடக்கும் கிழவியிடமிருந்து எடுப்பாய். பிடிபட்டால் அபராதம் உன் பெயரில், உன் நம்பர் பிளேட்டுக்கு வரும். நேரத்தை விற்றவன் பெயருக்கு ஒரு சலானும் போகாது.

2022 மார்ச்சில் ஜொமாட்டோ பத்து நிமிடத்தில் சாப்பாடு என்று அறிவித்தபோது நாடே கொதித்தது. தாமதமானால் ஓட்டுநருக்கு அபராதம் இல்லை, நேரத்துக்குள் போனால் ஊக்கத்தொகையும் இல்லை என்று நிறுவனர் தீபிந்தர் கோயல் விளக்கம் சொன்னார். கொதிப்பு அடங்கிவிட்டது. ஆர்டருக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கிற தொழிலில் அவசரப்படுத்த அபராதம் எதற்கு? இன்று எத்தனை ஆர்டர் முடித்தாயோ அதுதான் இன்றைய சோறு. இன்னும் இரண்டு முடித்தால் இன்சென்டிவ் என்று திரை காட்டுகிறது. சாட்டை தேவையில்லை, வயிறு இருக்கிறது.

சாலை விபத்து அறிக்கையில் மத்திய அரசு காரணம் எழுதும். 2022-இல் இறந்தவர்களில் 71.2 சதவீதம் பேரின் சாவுக்கு அதிவேகம் காரணமாம். அதிவேகம் என்றால் ஓட்டியவன் தப்பு. அந்த வேகத்தைப் படம் போட்டு, பளபளப்பாக விளம்பரம் செய்து, முதலீட்டாளர்களிடம் கோடிகள் திரட்டியவனுக்கு அறிக்கையில் ஒரு வரி உண்டா? பேருந்துப் படியில் தொங்கும் பையனை அடித்து இறக்கும் போலீஸ்காரர், 'பத்து நிமிடம்' என்ற விளம்பரப் பலகையின் கீழே நின்றுகொண்டுதான் ஹெல்மெட் போடாதவனிடம் ஆயிரம் ரூபாய் வசூலித்தார்.

பாடம் 6: ஃபெயில் ஆனால்

இந்தப் பாடத்தை எந்த டிரைவிங் ஸ்கூலும் நடத்தாது.

விழுந்தால், தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கியது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு பார்த்துக்கொள்ளும். உயிர்களைக் காத்த நல்ல திட்டம். அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் தொடை எலும்பு 48 மணி நேரத்தில் கூடாது. 49-ஆவது மணி நேரம் யாருடையது?

உன் வண்டியின் இன்சூரன்ஸை எடுத்துப் பார். தனிநபர் இருசக்கர வாகனத்துக்கான வழக்கமான பாலிசியில், வாடகைக்கு ஓட்டுவதற்கும் சரக்கு ஏற்றுவதற்கும் பொருந்தாது என்று பொடி எழுத்தில் இருக்கும். வெள்ளை போர்டு வண்டி, பையில் பிரியாணி. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவர் அந்தப் பொடி எழுத்தைக் கண்ணாடி போடாமலே படிப்பார். கம்பெனி தரும் காப்பீடு வேறு இருக்கிறது. அதற்கும் கேள்விகள் உண்டு: அடிபட்டபோது லாக்-இன்னில் இருந்தாயா? கையில் ஆர்டர் இருந்ததா? கொடுத்துவிட்டுத் திரும்பும்போது விழுந்தாயா? காலி பையோடு விழுகிறவனின் எலும்பு காலி எலும்பு போலிருக்கிறது.

சட்டம் காப்பாற்றாதா என்கிறாய். கிக் தொழிலாளரையும் சேர்த்துக்கொண்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பை நாடாளுமன்றம் 2020-இல் நிறைவேற்றியது. நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21-இல். பால் பாக்கெட் பத்து நிமிடத்தில் வீடு வந்து சேரும் நாட்டில், ஒரு சட்டம் வந்து சேர ஐந்து ஆண்டுகள் ஆகின. அதற்கு யாரும் ஒற்றை நட்சத்திரம் போடவில்லை. வந்த சட்டமும் உன்னை வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவன் என்றுதான் வரையறுக்கிறது. கம்பெனிகள் ஆண்டு வருவாயில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை நலநிதிக்குக் கொடுக்க வேண்டும். அதுவும் உங்களுக்குக் கொடுக்கும் கூலியில் ஐந்து சதவீதத்துக்கு மேல் போகாமல். உன் வேகத்துக்கு உச்சவரம்பு போட யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் பொறுப்புக்கு மறக்காமல் போட்டுவிட்டார்கள்.

மாநில அரசும் சும்மா இல்லை. நலவாரியம் அமைத்தது. 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் என்று 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. சென்னை மாநகராட்சி ஏசி ஓய்வறைகூடக் கட்டிக் கொடுத்தது. கழிப்பறைக்கு ஹோட்டல் வாசலில் கெஞ்சி நிற்பவனுக்கு அது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்குக் கூலி இல்லை என்றால், அந்த நாற்காலியில் எவ்வளவு நேரம் உட்காருவாய்?

கடைசியாக ஒரு கணக்கு. 2022-இல் விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் இந்தியாவில் முதலிடம்: 64,105. அதே ஆண்டு நாடு முழுவதும் இருசக்கர வாகனத்தில் போய் உயிர்விட்டவர்கள் 74,897 பேர். ஹெல்மெட் போடாமல் செத்தவர்கள் 50,029 பேர் என்று தனியாக எண்ணியிருக்கிறார்கள். முதுகில் டெலிவரி பையோடு செத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ண அந்த அறிக்கையில் ஒரு பத்தி கிடையாது. உன் வண்டி எந்தத் தெருவில் எந்த நொடியில் நின்றது என்று கம்பெனிக்குத் தெரியும். வாடிக்கையாளருக்கு வரைபடத்தில் தெரியும். நீ செத்தது மட்டும் நாட்டின் கணக்கில் தெரியாது.

விடைத்தாள்

கையேடு முடிந்தது, தம்பி. எட்டை நன்றாகப் பழகு. ஹெல்மெட்டின் வாரை மாட்டு. மற்றபடி இந்தத் தேர்வில் நீ தயாராக வேண்டியது அதிகம் இல்லை. தயாராகாமல் வந்து உட்கார்ந்திருப்பவர்கள் வேறு ஆட்கள்.

போக்குவரத்துத் துறை 15-ஆவது விதியை முழுசாக அமல்படுத்தட்டும். பாரம் ஏற்றித் தொழில் செய்யப் போகிறவனை, பாரத்தோடு சாலையில் ஓட்டிக்காட்டச் சொல்லட்டும். கம்பெனிகள் ஐடி கொடுக்குமுன் தங்கள் செலவில், கூலி கொடுத்துப் பயிற்சி தரட்டும். டெலிவரி வண்டிக்குப் பொருந்தும் இன்சூரன்ஸை அவர்களே எடுக்கட்டும், போகும்போதும் வரும்போதும். திரையில் ஓடும் அந்தக் கடிகாரத்தைத் தூக்கி எறியட்டும். எத்தனை ஓட்டுநர்கள் விழுந்தார்கள், எத்தனை பேர் எழுந்திருக்கவில்லை என்று மாதந்தோறும் வெளியிடட்டும். இவற்றில் ஒன்றுக்கும் ராக்கெட் விஞ்ஞானி தேவையில்லை. எத்தனை விநாடியில் மின்சாரக் குக்கர் வீடு வரும் என்று கணிக்கத் தெரிந்தவர்களுக்கு, எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்று எண்ணத் தெரியாதா?

இனி உங்களிடம், வாசகரே. 'பெல் அடிக்காதீர்கள், குழந்தை தூங்குகிறது' என்று குறிப்பு எழுதுகிறீர்களே, அதே இடத்தில் 'அவசரம் இல்லை, மெதுவாக வாருங்கள்' என்றும் எழுதலாம். அவன் இருபது நிமிடம் தாமதமாக வந்தாலும் ஐந்து நட்சத்திரம் போடுங்கள். கதவுக்கு வெளியே நிற்பவனுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுங்கள். உங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் மெயின் லிஃப்டைத் திறந்துவிடச் சொல்லுங்கள். வாக்குக் கேட்டு வருகிறவர் உங்கள் வாசலில் நிற்கும்போது, டெலிவரி பையோடு செத்தவர்களின் கணக்கு எங்கே என்று கேளுங்கள். கணக்கு வரும்வரை, பத்து நிமிடத்தில் உங்கள் வீட்டுக்கு வரும் தக்காளி யாருடைய எலும்பின் மேல் ஏறி வந்தது என்று தெரியாமலே சமைத்துக்கொண்டிருப்பீர்கள்.